மெட்டுக்கு வில்லங்கச் சான்று

‘சைக்கிளில் வந்த சம்பந்தம்’ படத்துக்கு மூன்று தடவை தேதி போட்டு போஸ்டர் ஒட்டினார்கள். தீபாவளி என்றார்கள், கதாநாயகிக்கு அம்மை போட்டுவிட்டது. பொங்கல் என்றார்கள், படம் எடுத்தவரும் அவருடைய மச்சானும் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். சித்திரை ஒன்று என்றார்கள், அன்றைக்கும் வரவில்லை. அதற்குள் பாட்டு கேசட் ஊரெல்லாம் பரவி, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா ரேடியோ செட்டிலும் ஓடித் தீர்ந்ததில், படம் வந்து போய்விட்டது என்றே பாதிப்பேர் நினைத்துக்கொண்டார்கள்.

நாலாவது தடவை, வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை, நிஜமாகவே படப்பெட்டி வந்து இறங்கியது. இறங்கிய இடம் ஒலக்கூர் பக்கம் ரோட்டோரத்தில் விருத்தாசலத்தின் டூரிங் கொட்டகை.

அந்தக் கீற்றுக் கொட்டகைக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு புதுப்படம் வந்ததில்லை. சென்னையில் ஓடி, விழுப்புரத்தில் ஓடி, திண்டிவனத்தில் ஓடி, தேய்ந்து, திரை முழுக்க மழைக்கோடு விழுந்த பிரிண்டுதான் வரும். பாலைவனத்தில் கதாநாயகன் தாகத்தில் துடிக்கும்போதும் திரையில் அடைமழை பெய்யும்.

“வாயைத் தொறடா, ஊத்துதே!” என்று மணல் தரையிலிருந்து யாராவது யோசனை சொல்வார்கள்.

விருத்தாசலம் ரீலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொட்டகையில் படம் ஓட்டுவது அவர்; டிக்கெட் கிழிப்பது அவர் மனைவி பாஞ்சாலி. குடித்தனமும் அங்கேதான், திரைக்குப் பின்னால்.

“இன்னாங்க, கோடே காணோம்?”

“புதுசுடி.”

“புதுசு நமக்கு எப்படி வந்துது?”

“டவுன் தியேட்டருங்க வேணான்ட்டாங்களாம்.”

“அவங்க வேணான்னதை நாம ஏன் வேணுன்னோம்?”

விருத்தாசலம் ரீலைப் பெட்டியில் வைத்து மூடினார். சாயங்காலமானதும் கூம்பு ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு ரெக்கார்டு போட்டார். அந்தப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நாலு கிராமத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். ரெக்கார்டு பாதி ஓடுவதற்குள் ஒரு ஆள் சைக்கிளில் வந்து காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். விழுப்புரம் முவ்வட்டத் திரைவெளியீட்டு நெறிச் சங்கத்தின் காகிதம்.

அந்தச் சங்கம் அரசாங்கம் வைத்ததா என்றால், இல்லை. யார் வைத்தது என்று கேட்டவரும் இல்லை. ஆனால் அதன் ரப்பர் முத்திரை விழாத கொட்டகைக்கு அந்தப் பக்கத்தில் யாரும் படப்பெட்டி தருவதில்லை.

விருத்தாசலம் உரக்கப் படித்தார்: “மேற்படி படத்தின் மூன்றாவது பாடலின் மெட்டு ஏற்கெனவே எங்கேயோ கேட்டதுபோல் இருப்பதாகப் பெயரில்லாக் கடிதம் ஒன்று வரப்பெற்றுள்ளது. எங்கே கேட்டது என்பது தீர்மானமாகும்வரை படத்தை நிறுத்தி வைக்கவும்.”

“பின்னாடி இன்னாமோ எழுதியிருக்குது பாருங்க.”

பின்பக்கம் விதி ஏழு இருந்தது. புதுப்படம் ஒப்பந்தம் செய்த கொட்டகை ஏழு நாளைக்குள் அதை ஒரு காட்சியாவது ஓட்ட வேண்டும். ஓட்டத் தவறினால் அனுமதி ரத்து. எட்டாம் நாள் காலை கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும்.

“ஓட்டாதேன்றாங்க. ஓட்டலன்னா பிரின்றாங்க,” என்றாள் பாஞ்சாலி. “ரெண்டும் ஒரே பேப்பர்லயா?”

“முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு.”

“எழுதனவன் பேப்பரைத் திருப்பிப் பாக்கலியா?”

வந்த கூட்டம் திரும்பிப் போனது. சும்மா போகவில்லை. மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டே போனது.

மறுநாள் சனிக்கிழமை விருத்தாசலம் பஸ் ஏறி விழுப்புரம் போனார். சங்கம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. உள்ளே மூன்று பேர். மூவரும் எழுந்து தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

“வணக்கமுங்க…”

“உஷ்! இரங்கல் தீர்மானம்,” என்றார் செயலாளர் வேங்கடேசன், உதட்டை அசைக்காமல். “இந்த வாரம் ஓடாமல் பெட்டிக்குள் போன படங்களுக்கு ரெண்டு நிமிஷம்.”

விருத்தாசலமும் தலை குனிந்து நின்றார். இரண்டு நிமிஷத்தை வேங்கடேசன் கைக்கடிகாரத்தில் பார்த்தார். கடிகாரம் நடுவில் நின்றுவிட்டதால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து நின்றார்கள்.

பிறகு தலைவர் சவுரிராயன் உரையாற்றினார். கேட்க மூன்று பேர் இருந்தாலும் மைக் இருந்தது.

“அன்பார்ந்த பெருமக்களே! நான் இந்த நாற்காலியில் பத்தொன்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறேன். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் நான் ஒரு படம் பார்த்தேன் என்று எவராவது விரல் நீட்ட முடியுமா? முடியாது! பார்த்தால் பிடித்துப்போகும். பிடித்துப்போனால் பாரபட்சம் வரும். பாரபட்சம் வந்தால் நீதி போகும். ஆகவே பார்ப்பதில்லை. பாட்டுக் கேட்பதும் இல்லை. இந்தச் சங்கம் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறது என்று ஊரே பேசுகிறது!”

வேங்கடேசன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“ஐயா,” என்றார் விருத்தாசலம், “அந்த ஒரு பாட்டை மட்டும் வெட்டிட்டு ஓட்டட்டுங்களா?”

“வெட்டினால் அது ஒப்பந்தம் செய்த படம் இல்லை. வேறு படம். வேறு படம் ஓட்டக்கூடாது,” என்றார் வேங்கடேசன்.

“பாட்டு வர்றப்போ சவுண்டை மட்டும் நிறுத்திட்டா?”

“ஊமைப்படம். அதற்குத் தனி உபகுழு உண்டு. அது கலைந்து முப்பது வருஷம் ஆகிறது.”

“அப்போ இன்னா சார் பண்றது? வியாழக்கிழமைக்குள்ள ஓட்டலன்னா கொட்டகை பூடும் சார். கொட்டகை போனா வூடும் பூடும்.”

“மெட்டு யாருடையது என்று நிலைநாட்டுங்கள். சொந்தக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள்.”

“மியூசிக் டைரக்டரைக் கேட்டா?”

“கேட்டாகிவிட்டது.” வேங்கடேசன் ஒரு கடிதத்தைப் பிரித்தார். “‘இந்த மெட்டு என் உள்ளத்தில் தானாகவே முளைத்தது’ என்று எழுதியிருக்கிறார்.”

மூலையில் உட்கார்ந்திருந்த மூன்றாவது மனிதர் நிமிர்ந்தார். “தானா முளைச்சதா? அப்போ அது மரம். மரத்துக்கு வேற பாரம் பூர்த்தி பண்ணணும்.”

அவர்தான் சின்னக்கண்ணு. மெட்டு ஒப்பீட்டு உபகுழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர் மூன்றும் அவர்தான். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். சங்கீதம் தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. சொத்துத் தகராறு தெரியும், பை நிறைய பாரம் வைத்திருக்கிறார் என்று உபகுழுவில் போட்டார்கள்.

“மெட்டுக்குன்னு தனியா பாரம் இல்ல,” என்றார் சின்னக்கண்ணு. “நெலத்துக்கு உள்ளதை வெச்சு எழுதிக்கலாம். சொத்துன்னா எல்லாம் சொத்துதான். சொத்து எங்க இருக்குது?”

“படத்துல சார். ஏழாவது ரீல்ல.”

“கிராமம், ஏழாவது ரீல்,” என்று எழுதினார். “நான்கெல்லை சொல்லுங்க. கிழக்கே?”

விருத்தாசலம் ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தார். ரயில் நின்றுகொண்டிருந்தது.

“அது இல்லைய்யா. பாட்டுக்கு முன்னாடி இன்னா வருது?”

“ஹீரோ சைக்கிள்லேர்ந்து பள்ளத்துல விழறாரு சார்.”

“கிழக்கே, கதாநாயகன் விழுந்த பள்ளம். மேற்கே?”

“பாட்டு முடிஞ்சதும் பொண்ணோட அப்பா தடியோட வர்றாரு.”

“மேற்கே, பெண்ணின் தகப்பனார். வடக்கே?”

“வடக்க… புல்லாங்குழல் சார்.”

“தெற்கே?”

“தபேலா.”

“தற்சமயம் அனுபவிக்கிறது யாரு?”

“எல்லாருந்தான் சார். பஸ்ல கூடப் போட்டுக்கினு வந்தான்.”

சின்னக்கண்ணுவின் பேனா நின்றது. “எல்லாரும்னு ஒரு கட்டம் இதுல இல்லியே,” என்று கவலைப்பட்டார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்க்க வேண்டும், பொதுமக்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதி முத்திரை வைத்தார்.

விருத்தாசலம் வீடு திரும்பியபோது பாஞ்சாலி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“மெட்டு மரமா நெலமான்னு பேசினாங்க.”

“இன்னா முடிவாச்சு?”

“நெலம்.”

அவள் துடுப்பை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு விடுமுறை. திங்கட்கிழமை திண்டிவனத்தில் தண்டோரா போட்டார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எந்த மெட்டு என்று சொல்லாவிட்டால் சொந்தக்காரர் வர முடியாது. பாடிக் காட்டினால் தடையை மீறியதாகும். ஆகவே மெட்டை வெளியிடாமல் மெட்டைப் பற்றி அறிவிக்கும்படி தண்டோராக்காரருக்கு எழுத்து மூலம் உத்தரவு.

“இதனால் சகலமானவங்களுக்கும் அறிவிக்கறது இன்னான்னா… ஒரு மெட்டு! அது யாருதோ அவங்க நாளைக்கு பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்துக்கு வந்து சொல்லணும்!”

“எந்த மெட்டுய்யா?” என்றார் டீக்கடைக்காரர்.

“சொல்லக்கூடாது.”

“சொல்லாம எப்படிய்யா வர்றது? லேசா சொல்லேன்.”

“வாயால சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்குது,” என்று தண்டோராக்காரர் யோசித்தார். பிறகு குச்சியால் தட்டிக் காட்டினார். நாலு தட்டு தட்டியதும் பஸ் ஸ்டாண்டே பிடித்துக்கொண்டு மீதியைப் பாடியது. செஞ்சி பஸ் டிரைவர் ஹாரனில் புல்லாங்குழல் பகுதியை முடித்துக் கொடுத்தார். கூட வந்திருந்த வேங்கடேசன் நோட்டில் எழுதினார்: ‘அறிவிப்பு பொதுமக்களைச் சென்றடைந்தது.’

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் விசாரணை. மூன்று பேர் உரிமை கொண்டாடி வந்தார்கள்.

முதலில் திண்டிவனம் பேண்டு செட் கிளாரினெட் இருதயராஜ். “எங்கப்பா காலத்துலேர்ந்து இது எங்க மெட்டுங்க. சாவு ஊர்வலம் கல்லறை வாசலுக்கு வந்துதுன்னா இதான் வாசிப்போம்.”

அடுத்து மேல்மலையனூர்ப் பக்கத்துப் பம்பைக்காரர் பூமாலை. “இன்னாய்யா பேசற? அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் ஊஞ்சலுக்கு நாங்க அடிக்கிற அடி இது. நாங்க ஆத்தாளுக்கு வாசிக்கிறதை நீ ஆளைப் புதைக்க வாசிப்பியா?”

“நாங்க மெதுவா வாசிப்போம்.”

“மெதுவா வாசிச்சா உன்னுதாயிடுமா?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க,” என்று எழுந்தார் ரிட்டயர்டு ரயில்வே கார்டு நடராசன். “ஐம்பத்தெட்டுல நாக்பூர் பிளாட்பாரத்துல, பூரிக் கடை ரேடியோவுல இதைக் கேட்டேன். சுத்தமான இந்திப் பாட்டு. வண்டி கிளம்பிடுச்சு, முழுசாக் கேக்க முடியல. மிச்சப் பாதியை இந்த கேசட்லதான் கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் சார், பாதிப் பாட்டோட அலைஞ்சேன்!”

“உங்களுக்கு என்ன உரிமை?” என்றார் வேங்கடேசன்.

“உரிமையெல்லாம் வேணாம். கேட்டேன்னு எழுதிக்குங்க.”

ஒப்பீட்டுக்காக வாசித்துக் காட்டச் சொன்னார்கள். இருதயராஜ் மெதுவாக வாசித்தார். பூமாலை வேகமாக அடித்தார். இது வேறு, அது வேறு என்று காட்டுவதற்காக இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். சேர்ந்தபோது அது நன்றாக இருந்தது. அடுப்படியில் மறுநாள் முகூர்த்தத்துக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து ஆடினார். தடை செய்யப்பட்ட மெட்டு, சங்கத்தின் உத்தரவின் பேரில், திண்டிவனத்தில் மூன்று மணி நேரம் ஒலித்தது. தலைவர் சவுரிராயன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் ஆடியது. அதை அவர் கவனிக்கவில்லை.

விருத்தாசலம் இருதயராஜிடம் போனார். “அண்ணே, ஆட்சேபணை இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே. கொட்டகை பொழைக்கும்.”

“தாராளமா எழுதறேம்பா. படம் ஓடுச்சுன்னா எங்களைக் கல்யாணத்துக்கும் கூப்பிடுவாங்க.”

“என் கையெழுத்தையும் வாங்கிக்கோ,” என்றார் பூமாலை. “ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா.”

இரண்டு கையெழுத்தையும் சின்னக்கண்ணு கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “செல்லாது.”

“ஏன் சார்?”

“ஆட்சேபிக்க உரிமை இருக்கறவன்தான் ஆட்சேபணை இல்லன்னு சொல்லலாம். இவங்க ரெண்டு பேருகிட்டயும் பட்டா இல்ல. பட்டா இல்லாதவன் ஆட்சேபணை இல்லன்னு சொன்னா, அதுக்கே நான் ஆட்சேபிக்கணும்.”

புதன்கிழமை சின்னக்கண்ணு கொட்டகைக்கே மெட்டை அளக்க வந்தார். நிலத்தை அளக்காமல் தீர்ப்பு எழுத முடியாதல்லவா? படப் பாட்டுக்கு அடிக்கணக்கு உண்டு என்று விருத்தாசலம் வாய்தவறிச் சொல்லிவிட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அடியா? முன்னாடியே சொல்லக்கூடாதா? பிரிங்கய்யா ரீலை!”

“மண்ணுல விரிச்சீங்கன்னா இன்னிக்கே மழைக்கோடு வுழும் சார்!” என்று பாஞ்சாலி குறுக்கே வந்து நின்றாள். கடைசியில் அவளுடைய துணிக்கொடியைக் கொட்டகையைச் சுற்றி இழுத்துக் கட்டி, புடவைகளை விரித்து, அதன்மேல் பிலிமை ஓடவிட்டார்கள். காற்றடித்தபோது கதாநாயகி கொஞ்சம் ஆடினாள். சின்னக்கண்ணு டேப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நீளம் முந்நூத்தி அறுபது அடி. அகலம் ரெண்டு விரக்கடை. மொத்தம்…” காகிதத்தில் பெருக்கினார். “ஒரு சென்ட்டுல பத்துல ஒரு பங்கு.”

“மல்லாட்டை காயப்போடக்கூட பத்தாதே சார்,” என்றாள் பாஞ்சாலி. “இதுக்கா எங்க கொட்டகையைப் பிரிக்கப் போறீங்க?”

“எடம் சின்னதும்மா. வில்லங்கம் பெருசு.”

அவர் போனபின் விருத்தாசலம் திரைக்குப் பின்னால் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தார். பாஞ்சாலி பின்னாலேயே வந்தாள்.

“இன்னா பண்றீங்க?”

“வெள்ளிக்கிழமை காலைல வந்து நின்னாங்கன்னா அவசரத்துல எல்லாம் ஒடஞ்சிடும்.”

“அந்தக் களிப் பானையை எடுத்து வெளிய வையுங்க. ராத்திரிக்கு ஆக்கணும்.” அவளே சாக்குக்குள் கையை விட்டாள். “நாளைக்கு நானும் வர்றேன் விழுப்புரத்துக்கு.”

“நீ இன்னாத்துக்கு?”

“பிரின்னு சொல்றவன் மொகத்தையாவது பாக்கறேன்.”

வியாழக்கிழமை காலை தீர்ப்பு. இரங்கல் தீர்மானத்துக்குப் பாஞ்சாலி எழுந்து நிற்கவில்லை. “யாரு செத்தாங்க?” என்று கேட்டாள். வேங்கடேசன் உதட்டில் விரலை வைத்தார், மௌனத்தில் பேசக்கூடாது.

சின்னக்கண்ணு வாசித்தார்: “மேற்படி மெட்டை ஒருவர் சாவுக்கும், ஒருவர் சாமிக்கும், ஒருவர் நாக்பூரிலும் அனுபவித்து வந்திருக்கிறார்கள். ஒருவரிடமும் பட்டா இல்லை. முப்பது வருஷத்தில் மெட்டு விற்கப்படவில்லை; அடமானம் வைக்கப்படவில்லை; பாகம் பிரிக்கப்படவில்லை. ஆகவே மேற்படி மெட்டு புறம்போக்கு.”

விருத்தாசலத்தின் முகம் மலர்ந்தது. “யாருதும் இல்லன்னா ஓட்டலாங்களே?”

“யாருடையதும் இல்லை என்றால் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறது என்று பொருள்,” என்றார் வேங்கடேசன். “அதில் உங்கள் படம் ஆடிப் பாடுவது ஆக்கிரமிப்பு. அகற்ற வேண்டும். இன்றோடு ஏழு நாள் முடிகிறது. நாளைக் காலை கொட்டகையையும் அகற்ற வேண்டும்.”

சவுரிராயன் மைக்கைப் பிடித்தார். “புறம்போக்கைக் காப்பது எங்கள் உயிர்மூச்சு! நீங்கள் ஏறி வந்தீர்களே, இந்தச் சங்கத்தின் மாடிப்படி, அது நிற்பதே ரோட்டுப் புறம்போக்கில்தான். பத்தொன்பது ஆண்டுகளாக அதை ஒருவரும் தொடாமல் எப்படிக் காத்து வருகிறோம் என்று போகும்போது பாருங்கள்!”

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் பாஞ்சாலி.

“பேசுவதானால் மனுக் கொடுத்து…”

“பேச வரல சார், சந்தேகம் கேக்கறேன். எங்கம்மா வூடு வல்லத்துப் பக்கம் புறம்போக்குலதான் இருக்குது. வருஷா வருஷம் கவர்மெண்டு ஆளு வருவாரு. மின்ன கர்ணம் வந்தாரு, இப்போ வி.ஏ.ஓ. வர்றாரு. ‘இந்தாம்மா, நீ ஆக்கிரமிச்சிருக்கே’ன்னு பி-மெமோ குடுப்பாரு. அம்மா அபராதத்தைக் கட்டிட்டு ரசீதைப் பெட்டியில வெச்சுப் பூட்டுவாங்க. இருபத்தாறு ரசீது இருக்குது. யாருன்னா வந்து இது உன் வூடான்னு கேட்டா, அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் காலி பண்ணுன்னு சொன்னதில்ல. மெட்டும் புறம்போக்குதானே? எங்க படத்துக்கும் ஒரு பி-மெமோ போடுங்களேன்.”

சின்னக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“தலைவரே, அம்மா சொல்றது கரெக்ட். ஆக்கிரமிப்புன்னா மொதல்ல பி-மெமோ. காலி பண்றது அப்புறம். நான் மறந்தே பூட்டேன்!”

“சரி, ஒன்று எழுதிக் கொடுத்து அனுப்பு.”

“அது முடியாதுங்க. ஆக்கிரமிப்பை நேர்ல பாத்துதான் பி-மெமோ எழுதணும். பாக்காம எழுதினா பொய்ப் பத்திரம். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு பொய்ப் பத்திரம் எழுதினதில்ல.”

“நேரில் என்றால்?”

“படம் ஓடணும். பாட்டு வரணும். நாம மூணு பேரும் ஒக்காந்து பாக்கணும்.”

அறையில் அமைதி. வேங்கடேசன் பழக்கதோஷத்தில் எழுந்து தலை குனிந்து நின்றார்.

“பத்தொன்பது ஆண்டு விரதம்…” என்றார் சவுரிராயன்.

“நீங்க படம் பாக்க வேணாம் சார்,” என்றாள் பாஞ்சாலி. “ஆக்கிரமிப்பை மட்டும் பாருங்க.”

சாயங்காலம் ரெக்கார்டு போட்டதும் நாலு ஊர் ஜனம் வருகிற இடத்தில் எட்டு ஊர் ஜனம் வந்தது. தண்டோரா போட்டுத் தேடிய மெட்டு என்றால் சும்மாவா? இருதயராஜ் கிளாரினெட்டோடு வந்தார். பூமாலை பம்பையோடு வந்தார். நடராசன் முன்வரிசையில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டார். சங்கத்தார் மூவருக்கும் நாற்காலி போட்டார்கள். ஏழாவது ரீலுக்கு வந்தால் போதும் என்று விருத்தாசலம் சொல்லிப் பார்த்தார். எல்லைகளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்க முடியாது என்று சின்னக்கண்ணு சொல்லிவிட்டதால் முதல் ரீலிலிருந்தே உட்கார்ந்தார்கள்.

“இன்னாய்யா கோடே காணோம்? கண்ணு கூசுது!” என்று ஒரு குரல் வந்தது.

கதாநாயகன் தப்பான வீட்டில் பெண் பார்த்தான். அங்கே பஜ்ஜி நன்றாக இருந்ததால் மறுபடியும் போனான். கூட்டம் சிரித்தது. ஒரு சிரிப்பு மட்டும் எல்லாரும் நிறுத்தியபின் தனியாக வந்தது. பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். சவுரிராயன் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

ஏழாவது ரீல். கதாநாயகன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான்.

“கிழக்கெல்லை வந்தாச்சு,” என்றார் சின்னக்கண்ணு.

புல்லாங்குழல் எழுந்தது. அடுத்த நொடி திரையிலிருந்து வருகிற பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, கொட்டகையே பாடியது. இருதயராஜ் கிளாரினெட்டை எடுத்தார். பூமாலையின் பம்பை சேர்ந்தது. நடராசன் பாதிப் பாட்டு முடிந்த இடத்தில் எழுந்து நின்று மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெண்கள் பக்கத்தில் குலவை. பாட்டு முடிந்து தகப்பனார் தடியோடு வந்ததும் ஒரே கூச்சல்.

“ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!”

விருத்தாசலம் மெஷின் ரூம் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். “சார்! ரெண்டாவது தடவை ஓட்டினா அது தனி ஆக்கிரமிப்பா சார்?”

வேங்கடேசன் விதிகளைப் புரட்டினார். இருட்டில் தெரியவில்லை.

“ஒரே தடவை பார்த்ததை வைத்துத் தீர்மானமாக எழுத முடியாது,” என்றார் சவுரிராயன். “எல்லையிலிருந்து வரட்டும். அந்தப் பள்ளத்தில் விழுகிறானே, அதிலிருந்து.”

அவன் மறுபடியும் விழுந்தான். மொத்தம் மூன்று தடவை விழுந்தான்.

ஆட்டம் முடிந்ததும் டிக்கெட் கவுண்டர் பல்பு வெளிச்சத்தில் சின்னக்கண்ணு பி-மெமோ எழுதினார். விருத்தாசலம் அபராதம் கட்டினார். பாஞ்சாலி காகிதத்தை வாங்கி முதலில் பின்பக்கம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகுதான் முன்பக்கம் படித்தாள்.

“‘மேற்படி விருத்தாசலம் ஏழாம் நாளாகிய வியாழன் மாலை, ஒப்பந்தம் செய்த படத்தை ஒரு முழுக் காட்சி ஓட்டி மெட்டில் ஆக்கிரமிப்புச் செய்தது எங்களால் நேரில் காணப்பட்டது’… ஏங்க!”

“இன்னாடி?”

“ஏழாம் நாள்ல முழுக் காட்சி ஓட்டிட்டோம்னு சங்கமே எழுதிக் குடுத்திருக்குதுங்க. முத்திரையோட.”

விருத்தாசலம் அதை வாங்கிப் படித்தார். அந்த ஒரு வாரத்தில் அவருக்குப் புரிந்த முதல் காகிதம் அது. உள்ளே போய்ச் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. தேவைக்கு மேலேயே சத்தம் போட்டு வைத்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு வரிசை ரோடு வரைக்கும் நின்றது. சவுரிராயன் மட்டும் நகராமல் நின்றார்.

“ஆக்கிரமிப்பு நாளைக்கும் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.”

“வாங்க சார். அதே சேர் போடறேன்,” என்றாள் பாஞ்சாலி.

“மேட்னி உண்டா?”

“கீத்துக் கொட்டகைல ஏது சார் மேட்னி? பகல்ல ஓட்டை ஓட்டையா வெயில் உள்ள பூந்து திரையைப் புடிச்சுக்கும்.”

“வெயிலா? யாரைக் கேட்டு?” என்றார் வேங்கடேசன், பேனாவைத் திறந்துகொண்டே.